வளைவில் காய்ந்த நெல்

கீழமாந்தோப்பு வழியாக மினி பஸ் ஓட்டுகிற ரெத்தினத்துக்கு, ஐம்பத்தாறு வயதில், வண்டி ஓட்டப் படித்துவிட்டு வா என்று கடிதம் வந்தது. அபராதம் கட்டினால் மட்டும் போதாது. லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்திருக்கிறோம். தஞ்சாவூரில் இரண்டு நாள் புத்தாக்கப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் திருப்பித் தருவோம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். டீக்கடையில் அதை உரக்க வாசித்துக் காட்டியவன், "சிலேட்டு பல்பம் வாங்கியாச்சாண்ணே?" என்று கேட்டான். கடையே சிரித்தது. ரெத்தினமும் கூடச் சேர்ந்து சிரித்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தார். படிக்கப் போவது அவருக்கு வெட்கமாக இல்லை. அங்கே போனால் நடந்ததைச் சொல்லச் சொல்வார்களே என்றுதான் பயம்.

பதினேழு வயதில் நெல் லாரியில் கிளீனராக ஏறியவர் ரெத்தினம். இருபத்திரண்டில் லைசென்ஸ் எடுத்தார். லாரி, டிராக்டர், அறுவடைக் காலத்தில் மிஷின் ஏற்றிப் போகும் டிரெய்லர் என்று எல்லாம் ஓட்டிவிட்டு, பத்தொன்பது வருஷமாக இந்த மினி பஸ். ஒரு கோழி மேல்கூட ஏற்றினதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் நெல் காய்ந்தால் டயரை அதன்மேல் விடமாட்டார். மற்ற டிரைவர்கள் தாராளமாக ஏற்றுவார்கள். உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும் வேண்டுமென்றே ரோட்டில் போட்டு, பஸ்ஸை விட்டே அடித்துக்கொள்கிற ஊர்தான் இது. ஆனால் நெல்லைக் கண்டால் ரெத்தினத்தின் கை தானாக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கும். பஸ்ஸில் வரும் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்வார்கள். "மகராசன், மணி மேல ஏத்த மாட்டாரு." அவருக்கும் அது உள்ளூரப் பெருமைதான்.

பெருமைக்கு அடியில் ஒரு கதை கிடந்தது. அவர் அப்பா வைரக்கண்ணு, மிராசுதார் சாமா வீட்டுப் பண்ணையில் கூலியாள். ரெத்தினத்துக்கு ஏழு வயசிருக்கும்போது, களத்தில் தூற்றி முடித்துக் கிளம்புகிற நேரத்தில் வைரக்கண்ணுவின் மடியைப் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் அவிழ்க்கச் சொன்னார். ஒரு கை நெல் இருந்தது. சிந்தினதைப் பொறுக்கினேன் என்றார் அப்பா. குவியலில் அள்ளினாய் என்றார் காரியக்காரர். களத்தோரப் பனைமரத்தில் கட்டிவைத்து, நெல் அளந்து முடிகிற வரைக்கும் அவிழ்க்கவில்லை. அன்றைக்கு அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்து, வேட்டி மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு மணியை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தார். அந்த நாலு மணியை ரெத்தினம் மறக்கவே இல்லை. நெல்மேல் டயரை ஏற்ற அவரால் எப்படி முடியும்?

அதற்கப்புறம் கொடி பிடித்தார்கள், கூலி கேட்டார்கள், அறுப்பை நிறுத்தினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். கூலி ஏறியது. களம் ஊர்ப் பொதுப் புறம்போக்கு என்று அடங்கல் கணக்கில் ஏறியது. வைரக்கண்ணு அந்தக் களத்தில் தன் கையால் நெல் காயவைத்துவிட்டுத்தான் செத்தார். அந்த மட்டில் பாக்கியசாலி. ஏனென்றால் பிற்பாடு ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் அதே களத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஆட்சி இரண்டு தடவை மாறிவிட்டது, மண்டபம் மாறவில்லை. இந்தக் கட்சிக்காரரும் அந்தக் கட்சிக்காரரும் தங்கள் பெண் கல்யாணத்தை அங்கேதான் நடத்துகிறார்கள். ஊர் மனு மேல் மனு போட்டு ஓய்ந்தது. அப்புறம் நெல்லைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்தது.

ரெத்தினத்துக்கும் காயவைக்க நெல் இருந்தது. சாமாவின் மகன் நாகேஸ்வரன் சென்னையில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மிச்சமிருந்த நிலத்தில் மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, ரெத்தினத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். எழுத்து கிடையாது, வாய்வார்த்தைதான். அப்பாவைக் கட்டிவைத்த பண்ணையின் நிலத்தில் மகன் குத்தகைதாரன். கடிதம் வருவதற்கு முந்தின அறுப்பில் சம்பா நன்றாக விளைந்தது. மிஷினில் அறுத்த நெல்லில் ஈரம் இருந்தது. ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். எங்கே காயவைப்பது என்று மனைவி அமிர்தம் கேட்டாள்.

"மண்டபத்து ரோட்டு வளைவுல போடு," என்றார் ரெத்தினம். "மரம் மட்டை கெடையாது. காலையில எட்டு மணிக்கு விழுற வெயில் நாலு மணி வரைக்கும் நவுராது. சுவத்துச் சூடும் சேந்துக்கும். ரெண்டே நாள்ல சலசலன்னு ஆயிடும்."

பத்தொன்பது வருஷம் ஒரு ரோட்டில் போய்வந்தவனுக்குத்தான் எந்த இடத்தில் வெயில் நிற்கும் என்று தெரியும். வளைவில் எதிரே வருவது தெரியாது என்பதும் அவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு வெயில் ஞாபகம் வந்தது. மற்றது வரவில்லை. விடியற்காலையில் அவரே மூட்டைகளை இறக்கி, மண்டபத்துச் சுவரை ஒட்டி ரோட்டின் இடது பாதியில் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல்லும் கருவமுள்ளும் வைத்துவிட்டு வண்டி எடுக்கப் போனார்.

முதல் இரண்டு நடை வலப்பக்கம் ஒதுங்கியே போய்வந்தார். அமிர்தம் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே கை காட்டினாள். பத்தரை மணி நடையில் வளைவில் திரும்பினார், வழக்கம்போல் வலப்பக்கம் ஒடித்தார், எதிரே ஒரு ஸ்கூட்டர். பிரேக் அடித்தார். வண்டி நின்றுவிட்டது. நிற்கவில்லையென்றால் இந்தக் கதையே வேறு. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் போக இடம் இல்லை. ஸ்கூட்டரோடு வாய்க்காலுக்குள் போய்விட்டாள்.

பக்கத்து ஊர் புதுக்குடிப் பெண், அம்சவல்லி. இருபத்து நாலு வயது. தையல்காரி. கல்யாண வீட்டு ரவிக்கைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு போனவள். ரெத்தினம்தான் முதலில் தண்ணீரில் குதித்தார். அவளைத் தூக்கிக்கொண்டு கரை ஏறும்போது, அவளுடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ரவிக்கைப் பை வாய்க்காலோடு போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். அமிர்தமும் இன்னும் நாலு பெண்களும் ரோட்டு நெல்லை வேக வேகமாகக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வருவதற்குள் அது சாக்குக்குள் போய்விட்டது.

அந்த நொடியில் ரெத்தினத்தின் மனசில் தோன்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவேளை, நெல் நனையவில்லை என்று தோன்றியது. இரண்டு கையிலும் ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அதற்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

போலீஸ்காரர் கேட்டபோது, ரோட்டில் யாரோ நெல் போட்டிருந்தார்கள், அதற்காக ஒதுங்கினேன் என்றார். ஊரும் வாயைத் திறக்கவில்லை. எல்லார் நெல்லும் ரோட்டில்தானே காய்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஆபத்தாக ஓட்டியதாக ரெத்தினத்தின்மேல் எழுதினார்கள். நெல்காரன் யார் என்று எழுத வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டியவன், போன் பேசிக்கொண்டே ஓட்டியவன், ஒருவழிப் பாதையில் புகுந்தவன் என்று பல தினுசு. ரெத்தினத்துக்குப் பக்கத்தில் அதிராம்பட்டினத்து அப்துல் ஹமீது. கருவாட்டு லாரி ஓட்டுகிறவர், கலகலப்பான மனுஷர். சொல்லிக்கொடுத்த அம்மாள் பெயர் மங்களாம்பிகை. நாற்பது வயசிருக்கும். அதட்டமாட்டார், ஆனால் பதில் வருகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் நாள் கண் பரிசோதனை, சின்னங்கள், படம். சாயங்காலம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். சம்பவம் எப்படி நடந்தது, காரணம் என்ன, அவரவர் கைப்பட எழுதி நாளைக்குத் தரவேண்டும்.

அன்றைக்கு வீட்டில் தாளை வைத்துக்கொண்டு ரெத்தினம் உட்கார்ந்திருந்தார். அமிர்தம் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நம்ம நெல்லுன்னு எழுதிடவா?" என்று கேட்டார்.

"என்னங்க பேசுறீங்க?" அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரோட்டை மறிச்சதுன்னு இன்னொரு கேஸு வரும். லைசென்ஸு போயிடும். சென்னைக்காரரு ஏற்கெனவே நெலத்தை விக்கிறதுக்கு ஆளு பாத்துக்கிட்டு இருக்காரு. போலீஸு கேஸு உள்ளவன் எனக்கு வேணாம்னு ஒத்த வார்த்தை சொன்னா, நம்ம கையில என்ன எழுத்து இருக்கு? வண்டியும் போயி வயலும் போயி என்ன பண்ணுவீங்க?"

"அந்தப் புள்ளை கை போச்சே அமிர்தம்."

"நான் மட்டும் சந்தோஷமாவா இருக்கேன்? கண்ண மூடுனா அந்தப் பை மெதந்து போறதுதான் தெரியுது. அதுக்காக ரெண்டு குடும்பமும் விழணுமா? நீங்க சாப்பிடுங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மங்களாம்பிகை பலகையில் அந்த வளைவை வரைந்தார். சுவர், ரோடு, வாய்க்கால், இடதுபாதியில் புள்ளி புள்ளியாக நெல். "ரெத்தினம், இதுல உங்க தப்பு என்ன?"

"வலப்பக்கம் ஏறினது, மேடம்."

"இல்ல. ஏறுறதுக்கு முன்னாடி நிக்காதது. நம்ம பாதி ரோட்டுல அடைப்பு இருந்தா நாமதான் நிக்கணும். எதிர்ல வர்றவங்க போன பிறகு நாம போகணும். வளைவுல எதிர்ல ஆளு தெரியாது. அப்ப கிளீனரோ கண்டக்டரோ எறங்கிப் பாத்துக் கை காட்டணும். நெல்லு மேல ஏத்தாததைத் தப்புன்னு நான் சொல்லல. உங்களுக்கு நெல்லு கண்ணுல பட்டுச்சு, வரப்போற ஆளு மனசுல படல."

அப்துல் ஹமீது பொறுக்காமல் எழுந்தார். "மேடம், இவரைச் சொல்றீங்க, சரி. வளைவுல கொண்டாந்து கொட்டினானே, அவன் யாரு? அவனை இங்க ஒக்கார வெச்சிருக்கணும். இந்த மனுஷன் நெல்லைப் பாத்து ஒதுங்கினாரு. அவன் எதைப் பாத்துக் கொட்டினான்?"

வகுப்பே ஆமோதித்தது. "சரிதான்," என்றார் மங்களாம்பிகை. "அந்த எடத்துல கொட்டினவங்க வாழ்நாள்ல ஒரு தடவையாவது ஸ்டியரிங் பிடிச்சிருந்தா கொட்டியிருக்க மாட்டாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ரெத்தினம் உட்கார்ந்திருந்தார். முப்பத்து நாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை மேஜைக்கு அடியில் இருந்தது. ஹமீது அவர் முதுகைத் தட்டி, "விடுங்க அண்ணே, பாவம் ஒரு பக்கம் பழி ஒரு பக்கம்," என்றார். அந்த அன்பு அடியைவிட வலித்தது.

மதியம் தாளை வாங்க வந்தார்கள். காரணம் என்ற இடத்தில் ரெத்தினம் எழுதினார்: சாலை வளைவில் யாரோ நெல் காய வைத்திருந்ததால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு களத்து நெல்லை ஒரு வார்த்தைக்குள் மறைத்தார். மங்களாம்பிகை வாசித்தார், நிமிர்ந்து ஒருதரம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்குச் சான்றிதழ் வந்தது. ஹமீது எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

மூன்று மாதமும் முடிந்து லைசென்ஸ் திரும்ப வந்தது. அடுத்த திங்கட்கிழமை வண்டி எடுக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். புதுக்குடியும் அந்த வழிதான். அந்தப் பெண் ஒருநாள் தன் வண்டியிலேயே ஏறக்கூடும். போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுவதுதான் முறை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெத்தினம் கிளம்பினார். வெறுங்கையோடு எப்படிப் போவது? வீட்டுச் செலவுக்கு அரைத்து வைத்திருந்த புது அரிசியில் ஒரு பை கட்டிக்கொண்டார். அமிர்தம் வாசல்வரை வந்து நின்றாள்.

அம்சவல்லியின் அம்மா கண்ணாத்தாள் நாற்காலி போட்டாள். வீட்டுக்காரர் இல்லை, மகள் தையலில்தான் வீடு. தையல் மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. அம்சவல்லி பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கூடாதாம்.

"நாளையிலேருந்து வண்டி எடுக்கிறேம்மா," என்றார் ரெத்தினம். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். என்னாலதான் ஒனக்கு இப்படி ஆச்சு."

"உங்க மேல எனக்கு வருத்தம் இல்லண்ணே," என்றாள் அம்சவல்லி. "தண்ணிக்குள்ள குதிச்சு என்னைத் தூக்கினது நீங்கதான். ஆஸ்பத்திரியில ராத்திரி வரைக்கும் நின்னீங்க. நெல்லு மேல ஏத்த மனசு வராம ஒதுங்கினீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கே ஏத்த மனசு வராது."

ரெத்தினம் அரிசிப் பையை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

கண்ணாத்தாளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "அந்த நெல்லுக்காரன் மட்டும் என் கண்ணுல பட்டான்னா! மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. அவனுக்கும் வீட்டுல பொம்பளைப் புள்ளை இருக்கும்ல? என் மவ கையி இருக்கா, போச்சான்னு ஒரு எட்டு வந்து பாத்தானா? நீங்க வந்தீங்க, வண்டி மொதலாளி வந்தாரு, போலீஸ்காரரு கூட வந்தாரு. நெல்லைக் கொட்டினவன் இன்னிவரைக்கும் வரலியே."

ரோட்டில் ஏதோ டிராக்டர் போயிற்று. அது போய் முடிகிறவரை ரெத்தினம் காத்திருந்தார். அமிர்தம் வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்தது. மூன்று மா வயலும் வந்தது.

"வந்திருக்கேம்மா," என்றார்.

கண்ணாத்தாளுக்குப் புரியவில்லை.

"என் நெல்லுதாம்மா அது. நாந்தான் அங்க போடச் சொன்னேன். விடியக்காலம் என் கையாலயே பரப்பிட்டுத்தான் வண்டி எடுத்தேன். வெயிலைப் பாத்தேன், வளைவைப் பாக்கல. போலீஸ்ல யாரோன்னு சொன்னேன். பரீட்சைத் தாள்லயும் யாரோன்னுதான் எழுதினேன்."

கண்ணாத்தாள் வாயில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். ஏசினால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்சவல்லி இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கோட்டாட்சியருக்கு மனு. வளைவில் நெல் கொட்டியவரைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிக்கொடுத்தது. எதிர்மனுதாரர் என்று போட்டு எதிரே இடம் விட்டிருந்தது.

"நாளைக்குக் குடுக்கப் போறோம்," என்றாள். "பேரு தெரியலன்னு எழுத இருந்தோம். எனக்கு இந்தக் கையால எழுத வராது. நீங்களே எழுதுங்க. அப்பா பேரோட எழுதணுமாம்."

ரெத்தினம் பேனாவை வாங்கினார். தன் பெயரை எழுதிவிட்டார். அப்பா பெயரில் பேனா நின்றது. ஒரு கை நெல்லுக்காகப் பனைமரத்தில் கட்டுண்டு நின்ற மனுஷன். சிந்தினதைப் பொறுக்கினேன் என்று அவர் சொன்னது உண்மை, யாரும் நம்பவில்லை. மகன் யாரோ என்று சொன்னது பொய், எல்லாரும் நம்பினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்து தெளிவாக விழும்படி எழுதினார்: த/பெ வைரக்கண்ணு, கீழமாந்தோப்பு.

தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். அரிசிப் பை நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அதே நெல்லின் அரிசி. இதை இவர்கள் வீட்டில் விட்டுப் போக இனி தனக்கு என்ன யோக்கியதை என்று குனிந்து எடுத்தார்.

"அதை வெச்சுட்டுப் போங்க," என்றாள் கண்ணாத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், பையை வாங்கி மடியோடு அணைத்துக்கொண்டாள். "அது என்ன பண்ணுச்சு, பாவம்."